சொல்லிச் செய்வதா, இருப்பதை எடுப்பதா? கைவேலை யுகுலேலே வாங்குமுன்

யுகுலேலே கிதாரைப் போன்ற, நான்கு தந்தி கொண்ட சிறு வாத்தியம். நட் என்பது நெக் எனும் கழுத்தின் மேல்முனையில் தந்திகள் அமரும் வெட்டுப்பட்டை. பல யுகுலேலேக்களில் அதன் அகலம் 35 மி.மீ. சிலவற்றில் 38. இடையில் இருப்பது மூன்றே மில்லிமீட்டர். டி மேஜர் கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) இரண்டாம் ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மூன்று விரல்களை நெருக்கி வைத்துப் பார்த்தால் அதன் மதிப்பு புரியும். 35 மி.மீ. நட்டில் ஒரு தந்திக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஏறத்தாழ 9 மி.மீ.தான். தடித்த விரல்காரருக்கு ஏதாவது ஒரு விரல் பக்கத்துத் தந்தியில் படும், அந்தத் தந்தி 'டொக்' என்று செத்துப்போகும். 38-இல் ஒவ்வோர் இடைவெளியும் ஒரு மில்லிமீட்டர் கூடுகிறது. அந்த ஒரு மில்லிமீட்டருக்காக ஒருவர் கைவேலை வாத்தியத்துக்குச் சொல்லி வைத்தால் அது நியாயமான காரணம். தலைப்பகுதியில் தன் பெயரைச் சிப்பியில் பதிக்கலாம் என்பதற்காகச் சொல்லி வைத்தால் பெயர் அழகாக மின்னும், டி மேஜர் பழையபடியே தடுக்கும்.

சொல்லிச் செய்த யுகுலேலே தைத்த சட்டையைப் போல. உடம்புக்குப் பொருந்தினால் அதற்கு ஈடில்லை. ஆனால் தையல்காரரிடம் அளவுச் சட்டை ஒன்றைக் கொடுக்க வேண்டும். இங்கே அளவுச் சட்டை என்பது இப்போது கையில் இருக்கும் யுகுலேலே. அதில் எது பிடிக்கிறது, எது இடிக்கிறது என்று மில்லிமீட்டரில் சொல்ல முடியாதவருக்குச் சொல்லிச் செய்யும் நேரம் இன்னும் வரவில்லை. அவருக்கு வேறு நான்கு வழிகள் உண்டு: தொழிற்சாலையில் செய்ததை வாங்கி, தந்தி உயரம் முதலியவற்றைக் கைக்கு ஏற்பச் சரிசெய்து நன்றாக செட்டப் செய்துகொள்வது, பழைய கைவேலை வாத்தியம் ஒன்றை வாங்குவது, ஒரு கைவினைஞர் ஏற்கெனவே செய்து முடித்து விற்பனைக்கு வைத்திருப்பதை எடுப்பது, தனித்தனிப் பாகங்களாக வரும் கிட் வாங்கித் தானே ஒட்டிச் செய்வது.

கைவேலையில் உண்மையில் கிடைப்பது என்ன?

"கையால் செய்தது" என்பதே ஒரு தகுதி ஆகிவிடாது. தொழிற்சாலையிலும் பல வேலைகளைக் கைதான் செய்கிறது. வித்தியாசம் மேற்பலகையில் இருக்கிறது. எஃகுத் தந்தி கிதாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுக்கும். யுகுலேலேயின் நான்கு நைலான் தந்திகள் இழுப்பது அதில் ஒரு சிறு பங்கே. அந்தச் சிறிய சக்தியைக் கொண்டு பலகையை அசைக்க வேண்டும். பலகை கனமாக இருந்தால் சக்தி அதிலேயே செத்துவிடும், ஒலி வெளியே வராது.

ஒரு பலகையின் விறைப்பு அதன் தடிமனின் முப்படியைப் பொறுத்தது. 2 மி.மீ. பலகையை 1.8 மி.மீ.க்கு இழைத்தால் எடை பத்தில் ஒரு பங்கு குறையும், விறைப்போ நூற்றுக்கு 27 குறைந்துவிடும். அதாவது 0.2 மி.மீ.யில் ஒரு வாத்தியம் ஊமையாகவும் ஆகலாம், நன்றாகவும் பாடலாம், ஒரு வருடத்தில் வயிறு தள்ளவும் செய்யலாம். ஒரே மரத்தில் அடுத்தடுத்து அறுத்த இரண்டு பலகைகள்கூட ஒரே விறைப்பில் இருப்பதில்லை. தொழிற்சாலை எல்லாப் பலகையையும் ஒரே தடிமனுக்கு இழைக்கிறது. மோசமான பலகையும் உடைந்து திரும்பி வரக்கூடாது என்பதால் அந்தத் தடிமன் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். கைவினைஞர் பலகையை வளைத்துப் பார்த்து, விரலால் தட்டிக் கேட்டு, அந்தப் பலகைக்கு எது போதுமோ அங்கே நிறுத்துகிறார். பலகையை உள்ளிருந்து தாங்கும் பிரேஸ் கட்டைகளையும் அப்படித்தான் சீவுகிறார். காசு கொடுப்பது இந்த நிறுத்தும் இடத்துக்குத்தான்.

மேற்பூச்சிலும் இதே கதை. தொழிற்சாலையின் பாலியெஸ்டர் பூச்சு கண்ணாடி மாதிரி கெட்டியானது. கீறல் தாங்கும், ஆனால் தடிமனாக இருப்பதால் மெல்லிய பலகையின் அசைவை அடக்கும். அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணிப்பந்தால் தேய்த்து ஏற்றும் பிரெஞ்ச் பாலிஷ் மிக மெல்லியது, எடை சேர்க்காது. வியர்வையும் சாராயமும் அதற்கு ஆகாது. கை அதிகம் வியர்க்கிறவர்கள் உடலுக்கு பிரெஞ்ச் பாலிஷும் நெக்குக்கு வேறு பூச்சும் கேட்பது நல்லது.

கைவேலைதான் இந்த வாத்தியத்தின் ஆரம்பம் என்பதையும் ஓரமாகச் சொல்லலாம். 1879 ஆகஸ்டில் மதீரா தீவிலிருந்து ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் ஹொனலுலு வந்து இறங்கிய மரவேலைக்காரர்கள் மூவர், மானுவல் நூனெஸ், அகஸ்டோ டியாஸ், ஜோஸே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ, தங்கள் ஊர்ச் சிறு தந்திவாத்தியமான மச்சேட்டேயை ஒட்டி ஹவாயின் கோவா மரத்தில் செய்ததுதான் யுகுலேலேயாக வளர்ந்தது. 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் யுகுலேலே மோகம் பரவியது. தொழிற்சாலைகள் பெருமளவில் இறங்கியது அந்த மோகத்தோடுதான்.

தொழிற்சாலை வாத்தியம், ஒரு செட்டப்

கைவேலை வேண்டும் என்று தோன்றுகிறவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது ஒரு நல்ல செட்டப். அறிகுறி இதுதான்: திறந்த தந்திகள் சுருதியோடு இருக்கின்றன, ஆனால் முதல் ஃப்ரெட்டில் அழுத்தினால் ஸ்வரம் சுருதியைவிட ஏறி ஒலிக்கிறது, எஃப் கார்டு எப்போதும் கொஞ்சம் புளிக்கிறது, ஒரே விரலைப் பல தந்திகள்மேல் படுக்கவைக்கும் பார் கார்டு பிடித்தால் கை வலிக்கிறது. நட்டின் வெட்டுகள் போதிய ஆழம் இல்லை என்று பொருள். மூன்றாம் ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே உள்ள இடைவெளியைப் பாருங்கள். தலைமுடி அளவு இருந்தால் சரி. தெளிவாகக் கண்ணுக்குத் தெரிகிற இடைவெளி இருந்தால் நட்டை அரத்தால் ஆழப்படுத்த வேண்டும்.

அடுத்து 12-ஆம் ஃப்ரெட்டின் உச்சியிலிருந்து தந்தியின் அடிவரை அளக்க வேண்டும். 2.3 முதல் 2.8 மி.மீ. வரை வசதி. மேலே இருந்தால் சேடிலை, அதாவது உடலில் ஒட்டிய பிரிட்ஜ் கட்டையில் தந்திகள் ஏறி நிற்கும் பட்டையை, தேய்க்கலாம். 12-ஆம் ஃப்ரெட் தந்தியின் நடுவில் இருப்பதால் அங்கே அரை மில்லிமீட்டர் இறங்க, சேடிலில் ஒரு முழு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். இதை மறந்து பாதி தேய்த்துவிட்டு "மாறவே இல்லையே" என்பவர்களும் உண்டு, அவசரத்தில் இரட்டிப்பாகத் தேய்த்துவிட்டுப் புதுச் சேடில் தேடுபவர்களும் உண்டு. அடியில் சமமாகத் தேய்க்காவிட்டால் சேடில் பிரிட்ஜில் முழுதாக உட்காராது, ஒலி மங்கும்.

இதையெல்லாம் செய்தபின் தந்தியை மாற்றிப் பாருங்கள். ஃப்ளோரோகார்பன் நைலானைவிட அடர்த்தியானது, அதனால் அதே சுருதிக்கு மெல்லிய தந்தி போதும், ஒலி தெளிவாகும். செட்டப்பும் தந்தியும் மாறிய பிறகும் குறை நீடித்தால்தான் அது வாத்தியத்தின் குறை.

தொழிற்சாலையில் ஒட்டுப்பலகைக்கு ஓர் இடம் உண்டு. முழுமரம் காய்ந்தால் இழை வாக்குக்குக் குறுக்கே சுருங்கும். ஒட்டுப்பலகையில் அடுக்குகள் ஒன்றை ஒன்று குறுக்காகப் பிடித்துக்கொள்வதால் அசைவு குறைவு. பயணத்துக்கு, கடற்கரைக்கு, குழந்தைகள் கைக்கு அதுவே சரி. கைவேலை வாத்தியம் வாங்கியவர்களும் ஒட்டுப்பலகை யுகுலேலே ஒன்றைக் கூடவே வைத்திருப்பது வீண்செலவு இல்லை. விலையுயர்ந்ததை வெயிலில் நிற்கும் காரில் விட்டுப்போகும் கட்டாயம் வராது. அந்தச் சூட்டில் பசை இளகி பிரிட்ஜ் கழன்று வருவது அடிக்கடி நடக்கிற விபத்து.

பழைய கைவேலை வாத்தியம்

ஒருவருக்காகச் சொல்லிச் செய்தது இன்னொருவரிடம் வரும்போது விலை இறங்கும், காரணம் அந்த அளவுகள் முதலாமவரின் கைக்கானவை. உங்கள் கையும் அவர் கையைப் போல இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பலகை ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது, வயிறு தள்ளுவதாக இருந்தால் இதற்குள் தள்ளியிருக்கும். அதைக் கண்ணால் பார்த்தே வாங்கலாம்.

பார்க்க வேண்டிய இடங்கள்: பிரிட்ஜின் பின்விளிம்பில் மெல்லிய காகிதத்தைச் செருகிப் பாருங்கள், உள்ளே போனால் ஒட்டு விட ஆரம்பித்திருக்கிறது. விரல் கணுவால் உடல் முழுவதும் மெல்லத் தட்டுங்கள், எங்காவது சலசலத்தால் ஒரு பிரேஸ் தளர்ந்திருக்கும். சிறு கண்ணாடியும் டார்ச்சும் இருந்தால் ஒலித்துளை வழியே உள்ளேயும் பார்க்கலாம். ஒரு தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தி, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். காகிதத் தடிமன் இருந்தால் நெக் நேராக இருக்கிறது. சேடில் பிரிட்ஜுக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதே கடைசிக் கேள்வி. 12-ஆம் ஃப்ரெட்டில் தந்தி உயர்ந்து நிற்க, சேடிலோ ஏற்கெனவே தேய்ந்து பிரிட்ஜோடு ஒட்டிக் கிடந்தால், நெக் கோணமே மாறிவிட்டது. அதைச் சரிசெய்யும் செலவு வாத்தியத்தின் விலையை நெருங்கும். வாங்க வேண்டாம்.

விரிசல் இருந்தால் பயந்து ஓட வேண்டியதில்லை. உள்ளே சிறு மரத்துண்டு வைத்து ஒட்டிச் சரிசெய்த விரிசல் ஒலியைக் கெடுக்காது. விலையைக் குறைக்கும், அவ்வளவே.

செய்து வைத்ததை எடுப்பது

கைவினைஞர்கள் பலர் ஆர்டர் இல்லாமலும் தங்கள் விருப்பப்படி ஒன்றிரண்டு செய்து விற்பனைக்கு வைப்பார்கள். வாங்குபவர்கள் இதைக் குறைத்தே மதிக்கிறார்கள். உண்மையில் பலருக்கும் இதுதான் சிறந்த வழி. அதே கை, அதே பலகைத் தேர்வு, அதே இழைப்பு. காத்திருப்பு கிடையாது. முக்கியமாக, வாசித்துப் பார்த்து, கேட்டு, பிடிக்காவிட்டால் வைத்துவிட்டு வரலாம். சொல்லிச் செய்ததில் அந்த வசதி இல்லை. அது முடியும் நாளில்தான் அதன் குரல் என்னவென்று முதல்முறை தெரியும், செய்தவருக்கே அப்போதுதான் தெரியும்.

இன்னொரு நன்மையும் உண்டு. தன் விருப்பப்படி செய்யும்போது கைவினைஞர் தனக்குக் கைவந்த அளவிலும் வடிவிலும் செய்கிறார். வாங்குபவர் சொல்லும் புதுவடிவம் அவருக்கு முதல் முயற்சியாக இருக்கலாம். முதல் முயற்சியில் பிழை வருவது இயல்பு, அந்தப் பிழைக்குக் காசு கொடுப்பவர் நீங்கள்.

கிட் வாங்கித் தானே செய்வது

பக்கங்கள் வளைத்து, ஃப்ரெட்போர்டில் வெட்டுப் போட்டு, நெக்கைப் பாதி செதுக்கி வரும் கிட்டில் மிச்சம் இருப்பது ஒட்டுவதும் தேய்ப்பதும் பூச்சும். நல்ல வாத்தியம் மலிவாகக் கிடைக்கும் என்று எண்ணி வாங்குவது தவறு. கிளாம்புகள், அரங்கள், ஃப்ரெட் அடிக்கும் சுத்தியல், பூச்சு என்று கணக்குப் பார்த்தால் தொழிற்சாலை வாத்தியத்தின் விலையைத் தாண்டிவிடும். ஆனால் வாத்தியத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது. பின்னால் ஒரு கைவினைஞரிடம் பேசும்போது அவர் மொழி புரியும்.

இதில் அதிகம் கெடுவது பிரிட்ஜ் இடம். நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட் வரை உள்ள தூரத்தை இரட்டிப்பாக்கி, அதோடு ஏறத்தாழ 2 மி.மீ. கூட்ட வேண்டும். தந்தியை அழுத்தும்போது அது இழுபட்டுச் சுருதி ஏறுவதை அந்த 2 மி.மீ. ஈடுகட்டுகிறது. அதைச் சேர்க்காமல் ஒட்டினால் மேலே போகப்போக ஒவ்வொரு ஸ்வரமும் ஏறிக்கொண்டே போகும், பிரிட்ஜைக் கழற்றாமல் தீர்வில்லை. பிரிட்ஜுக்கு அடியில் பூச்சு இருக்கும்போதே ஒட்டுவது இரண்டாவது பிழை. பசை மரத்தைப் பிடிக்க வேண்டும், பூச்சைப் பிடித்தால் தந்தி ஏற்றிய வாரத்திலேயே பிரிட்ஜ் பறக்கும்.

சொல்லிச் செய்வது: எதைச் சொல்ல வேண்டும்?

இனி விஷயத்துக்கு வருவோம். முதலில் தந்தி நீளம். சிறிய அளவான சொப்ரானோவில் ஏறத்தாழ 349 மி.மீ., அதைவிடப் பெரிய கான்சர்ட்டில் 381, இன்னும் பெரிய டெனரில் 432. ஃப்ரெட்டுகளின் இடத்தைக் கணக்கிட நீளத்தை 17.817-ஆல் வகுக்கிறார்கள். ஆக முதல் ஃப்ரெட் சொப்ரானோவில் நட்டிலிருந்து 19.6 மி.மீ., டெனரில் 24.2 மி.மீ. விரல் குட்டையானவர் டெனரில் நான்கு ஃப்ரெட் எட்டிப் பிடிக்க முடியாமல் தவிப்பதும், விரல் பருத்தவர் சொப்ரானோவின் பத்தாம் ஃப்ரெட்டுக்கு மேல் இடமில்லாமல் தவிப்பதும் இந்த எண்களால்தான். இரண்டுக்கும் நடுவே விசித்திரமான நீளமும் கேட்கலாம், சொப்ரானோ உடலில் கான்சர்ட் நெக் கேட்கலாம். நீள நெக் சொப்ரானோ என்று அது ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள வடிவம்தான், பயப்பட வேண்டாம்.

அடுத்து நெக்கின் குறுக்குவெட்டு. மகிழ்ச்சி பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது, பேச்சோ மரத்தைப் பற்றியே நடக்கிறது. முதல் ஃப்ரெட்டில் நெக்கின் கனம் பொதுவாக 18 மி.மீ. அளவில் இருக்கும். ஒரு மில்லிமீட்டர் மெலிந்தால் கட்டைவிரல் தானாகத் தளரும். வேறு சிலருக்கு மெலிந்த நெக் கட்டைவிரல் மூட்டில் வலி தரும், உள்ளங்கையை நிரப்பும் கனமான நெக்தான் அவர்களுக்குச் சரி. வெர்னியர் அளவுகோலால் உங்களுக்குப் பிடித்த வாத்தியத்தின் நெக்கை முதல் ஃப்ரெட்டிலும் ஏழாம் ஃப்ரெட்டிலும் அளந்து கொடுங்கள். வளைவின் வடிவத்தையும் தர வேண்டும் என்றால் மெல்லிய ஈயக் கம்பியை நெக்கின் முதுகில் அழுத்தி எடுத்து, காகிதத்தில் வைத்துப் பென்சிலால் வரைந்து அனுப்பலாம். "வசதியான நெக்" என்ற சொல்லைக் கொண்டு யாராலும் உளி பிடிக்க முடியாது.

மூன்றாவது, நான்காம் தந்தி. வழக்கமான ஜி-சி-இ-ஏ சுருதியில் ஜி உயரத்தில் இருக்கிறது, 392 ஹெர்ட்ஸ். தாழ்ந்த ஜி என்றால் 196. இதை ஆர்டர் கொடுக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். தாழ்ந்த ஜி தந்தி தடிமனானது, நட்டில் அதற்கு அகலமான வெட்டு வேண்டும். மெல்லிய தந்திக்கு வெட்டிய இடத்தில் தடித்ததைப் போட்டால் அது உள்ளே இறங்காமல் மேலே நின்று முதல் ஃப்ரெட்டுகளைக் கெடுக்கும். தடித்ததற்கு வெட்டிய இடத்தில் மெல்லியதைப் போட்டால் ஆடும், இரையும். சுருதி ஏற்றத்தை ஈடுகட்டச் சேடிலில் வைக்கும் அளவும் மாறும். உடலும் போதிய அளவு பெரிதாக இருக்க வேண்டும். சொப்ரானோவில் தாழ்ந்த ஜி ஒலிக்கும், ஆனால் பெட்டி அதைத் தாங்கிப் பிடிக்காது. இரண்டையும் மாற்றி மாற்றி வாசிப்பவர் இரண்டு நட், இரண்டு சேடில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், நட்டை லேசாக மட்டும் ஒட்டச் சொல்லி.

இடக்கை வாசிப்பாளருக்குச் சொல்லிச் செய்வது கிட்டத்தட்ட அவசியம் என்று நினைப்பது பழக்கம். யுகுலேலேயின் பிரேஸ்கள் பெரும்பாலும் இருபுறமும் சமமாக இருப்பதால், உயர் ஜி வாத்தியத்தில் நட்டையும் சேடிலையும் மாற்றினாலே போதும். நெக்கின் ஓரத்தில் ஃப்ரெட் இடம் காட்டும் பக்கப் புள்ளிகள் மட்டும் எதிர்ப்பக்கம் இருக்கும். மேல் ஃப்ரெட்டுகளை எட்ட ஒருபக்கம் குடைந்த, கட்அவே உள்ள உடலானால் கதை வேறு.

ஒலிபெருக்கியில் இணைத்து வாசிக்கப் பிக்கப் வேண்டுமா என்பதை இப்போதே சொல்லிவிட வேண்டும். சேடிலுக்கு அடியில் வைக்கும் பீசோவுக்கு (அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் வகை) அந்தப் பள்ளத்தின் அடி கண்ணாடித் தட்டையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு தந்தி கத்தும், ஒன்று முனகும். வயர் செருகும் ஜாக்குக்குத் துளை போடும் அடிக்கட்டையும் போதிய கனத்தில் இருக்க வேண்டும். முடிந்த வாத்தியத்தில் துளை போடுவது நடக்கிற காரியம்தான், மெல்லிய பக்கப்பலகையில் அது விரிசலில் முடிவதும் நடக்கிற காரியம்தான்.

தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் டியூனர் சின்ன விஷயம் போலத் தோன்றும். பழைய உராய்வு முளை ஒரு சுற்றுக்கு ஒரு சுற்று, மிக லேசு, சுருதி சேர்க்கப் பொறுமை வேண்டும். பக்கவாட்டில் காது நீட்டிய பல்சக்கர டியூனர்கள் 14-க்கு 1 போன்ற விகிதத்தில் நுட்பமாகத் திரும்பும், ஆனால் கனமானவை. லேசான சொப்ரானோ உடலில் அவற்றை மாட்டினால் தலை தொங்கும். உள்ளேயே பல்சக்கரம் வைத்த 4-க்கு 1 முளைகள் நடுவழி. சொப்ரானோவுக்கு இவையே சரி.

மரம்

கோவா, மகாகனி, மாம்பலகை, ஸ்ப்ரூஸ், சிடார். ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் சொல்வார்கள், அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஸ்ப்ரூஸ் எடைக்கு விறைப்பானது, ஒலி தெளிவாகத் தொலைவு போகும். மகாகனியும் கோவாவும் கொஞ்சம் உருண்டையாக, நடு ஸ்வரங்களில் இனிமையாக ஒலிக்கும். ஆனால் இரண்டு கைவினைஞர்கள் ஒரே மரத்தில் செய்த வாத்தியங்களுக்கு உள்ள வேறுபாடு, ஒரே கைவினைஞர் இரண்டு மரங்களில் செய்ததன் வேறுபாட்டைவிடப் பெரிது. ஆளைத் தேர்ந்தெடுங்கள், மரத்தை அவரிடம் விடுங்கள். நிறம், கோடு எது பிடிக்கும் என்று மட்டும் சொன்னால் போதும்.

அலையலையாக மின்னும் கோவா மீது ஆசை வருவது நியாயம். அந்த அலை, இழை நேராக ஓடாததால் வருவது. வளைக்கும்போது அது பிளக்கும், இழைக்கும்போது சிம்பு பெயரும், நேரிழைப் பலகையைவிடத் தளர்ந்தது. கைவினைஞர் அதைக் கொஞ்சம் கனமாக விட நேரும். பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் அலைக் கோவா, மேற்பலகைக்கு நேரிழை என்பது கண்ணையும் காதையும் ஒன்றாகச் சமாதானப்படுத்தும் ஏற்பாடு.

எல்லை தாண்டி வரும் வாத்தியமானால் ரோஸ்வுட்டில் கவனம் தேவை. டால்பெர்ஜியா இன மரங்கள் 2017 முதல், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. முடிந்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு வந்தது. பிரேசிலின் ரோஸ்வுட் மட்டும் 1992 முதல் முதல் பட்டியலில் இருக்கிறது, அந்த விலக்கு அதற்கு இல்லை. அதில் ஒரு பிரிட்ஜ் இருந்தாலும் காகிதம் கேட்பார்கள். வேறு நல்ல மரம் இருக்கும்போது அந்த வம்பு எதற்கு?

காசும் காலமும்

காத்திருப்பு சில மாதங்களிலிருந்து ஒரு வருடத்துக்கு மேலும் போகும். முன்பணத்தில் ஒரு பங்கு மரம் வாங்கவும் மீதி உங்கள் வரிசையைப் பிடித்து வைக்கவும் போகும். எழுத்தில் இருக்க வேண்டியவை: எல்லா அளவுகளும், எந்தக் கட்டத்தில் எவ்வளவு தொகை, நீங்களோ அவரோ விலகினால் முன்பணம் என்ன ஆகும், வந்தபின் எத்தனை நாளுக்குள் திருப்பலாம், விரிசலும் பிரிட்ஜ் தூக்கலும் எத்தனை வருடம் அவர் பொறுப்பு, அனுப்பும்போது காப்பீடு யார் தலையில்.

நடுவில் மனம் மாறுவது எல்லோருக்கும் நடக்கும். எது எப்போது பூட்டிக்கொள்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது. பக்கங்கள் வளைத்தபின் உடலின் அளவு மாறாது. ஃப்ரெட்போர்டில் வெட்டுப் போட்டபின் தந்தி நீளம் மாறாது. ஆனால் நெக்கின் வளைவைப் பூச்சுக்கு முந்தின நாள்வரை கொஞ்சம் மெலிக்கலாம். முடிந்தால் அந்தக் கட்டத்தில் ஒருமுறை நேரில் போய்ப் பிடித்துப் பார்ப்பது, முழு ஆர்டரிலும் மிகப் பயனுள்ள அரை மணி நேரம்.

சொல்லிச் செய்ததில் கெடுவது எப்படி? பெரும்பாலும் வாங்கியவர் கேட்டதாலேயே. "இன்னும் சத்தமாக, இன்னும் லேசாக" என்று வற்புறுத்தினால் பலகை மெலியும். பிறகு பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு தள்ளும், தந்தி உயரும், சுருதி நழுவும். தோள்பட்டைச் சாய்வு, கட்அவே, பக்கத்துளை, சிப்பி வரிகள் எல்லாம் ஒரே வாத்தியத்தில் கேட்டால் வேலை இருமடங்காகும், எடையும் கூடும், வாங்கியவருக்கு வாசிப்பில் கிடைப்பது கொஞ்சமே. பக்கத்துளை மட்டும் விதிவிலக்கு. வாசிப்பவர் காதுக்கு நேராக ஒலி வருவதால், கூட்டமாக வாசிக்கும் இடத்தில் தன் வாத்தியத்தைத் தானே கேட்க முடியும்.

யாருக்கு எது?

வாசிக்கத் தொடங்கி ஒரு வருடம் ஆகாதவர் தொழிற்சாலையின் முழுமர மேற்பலகை வாத்தியத்தை வாங்கி செட்டப் செய்துகொள்ளட்டும். கை மாறிக்கொண்டே இருக்கும் காலம் அது, இன்றைக்குக் கொடுக்கும் அளவு அடுத்த வருடம் பொருந்தாது. செட்டப் ஆன வாத்தியத்திலும் ஒலி போதவில்லை, ஆனால் கைக்குத் தனிக் குறை எதுவுமில்லை என்பவருக்குக் கைவினைஞர் செய்து வைத்ததோ நல்ல நிலையில் உள்ள பழையதோ போதும். இன்னமும் குறை ஒன்று பாக்கி இருந்து, அது அளவுகோலில் அகப்படுகிறது என்றால் சொல்லிச் செய்யலாம், தயங்க வேண்டாம். அப்படி வந்த வாத்தியத்தைக் கையில் எடுத்ததும் இரண்டு விஷயம் உடனே தெரியும். கண்ணை நம்பாத அளவுக்கு லேசாக இருக்கும், காலியான பெட்டியைத் தூக்குவது போல. ஒரே ஒரு தந்தியைத் தட்டினாலும் மார்போடு அணைத்த பின்பலகை அதிர்வது சட்டைக்கு உள்ளே தெரியும். மூன்றாவது தெரியச் சில நாள் ஆகும்: கையைப் பற்றி யோசிப்பதே நின்றுவிட்டிருக்கும்.

வந்த அன்று

பார்சலை உடனே திறக்காதீர்கள். வீட்டுச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பழக, பெட்டிக்குள்ளேயே ஒரு நாள் இருக்கட்டும். ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு வரை இருந்தால் நல்லது. 40-க்குக் கீழே போனால் ஃப்ரெட்போர்டு குறுக்கே சுருங்கி, ஃப்ரெட் முனைகள் ஓரத்தில் கையைக் கீறும். அதுதான் முதல் எச்சரிக்கை, அதை அசட்டை செய்தால் மேற்பலகை பிளக்கும். மழைக்காலத்தில் எதிர்த்திசை: பலகை ஊதித் தந்தி உயரும். சின்ன ஈரமானி ஒன்றைக் கேஸுக்குள் போட்டு வைப்பது எந்தச் சிப்பி வேலையைவிடவும் உருப்படியான செலவு.

புதுத் தந்தி சில நாள் இறங்கிக்கொண்டே இருக்கும், அது பழுதில்லை. 12-ஆம் ஃப்ரெட்டில் தந்தி உயரத்தை முதல் நாளே அளந்து தேதியோடு குறித்து வையுங்கள். புதிய பலகை தந்தியின் இழுவைக்கு உட்கார மாதங்கள் ஆகும், அதற்குள் உயரம் கொஞ்சம் ஏறுவது இயல்பு. ஆர்டர் கொடுக்கும்போதே சற்றுத் தாழ்ந்த இன்னொரு சேடிலையும் சேர்த்துக் கேட்டிருந்தால், ஆறாவது மாதம் மறுபடி அளந்து, தந்தியைத் தளர்த்தி அதை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.